ஹைலோனோமஸின் உருவத்தை வரைவது எப்படி

மிகப் பழைய ஊர்வனவற்றுள் ஒன்றான ஹைலோனோமஸை வரைய அமர்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓர் அரணையின் ஒளிப்படத்தைத் தேடி எடுத்து எதிரே வைத்துக்கொள்கிறார்கள். வால் உட்பட ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே கொண்ட, நான்கு கால்களைப் பக்கவாட்டில் விரித்து நடந்த, பூச்சியுணவுக்கேற்ற கூர்ப்பற்களை உடைய ஒரு சிறு விலங்கு என்று படித்தவுடன் மனத்தில் அரணை தோன்றுவது இயல்புதான். ஆனால் ஹைலோனோமஸ் வாழ்ந்த காலத்தில், அதாவது இன்றைக்குச் சுமார் 31.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பல்லிகளும் இல்லை, அரணைகளும் இல்லை, அவற்றுக்கு நெருங்கிய உறவினரும் இல்லை. அரணையைப் பார்த்து வரைந்தால், பல கோடி ஆண்டுகள் கழித்துத் தோன்றிய உறுப்புகளை அந்த உடலில் நம்மை அறியாமலேயே ஒட்டிவிடுவோம். ஆகவே எலும்பிலிருந்து தொடங்கி, எலும்பு சொல்லும் இடம் வரை எலும்பை நம்பி, அதற்கு அப்பால் ஊகத்தை ஊகமென்றே குறித்துக்கொண்டு வரையும் முறையை இங்கே விளக்குகிறேன். பென்சிலும் தாளும் போதும். கணினியில் வரைபவர்கள் தாள் என்று நான் சொல்லுமிடத்தில் அடுக்கு என்று வாசித்துக்கொள்ளலாம்.

கைவசம் உள்ள சான்று என்ன

பென்சிலைத் தொடுவதற்கு முன்பு, இந்த விலங்கு நமக்கு எந்த நிலையில் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஃபண்டி விரிகுடாவின் கரையில் ஜாகின்ஸ் என்ற இடம் இருக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த கடலேற்றங்களைக் கொண்ட அந்த விரிகுடாவின் அலைகள் கரைக்குன்றை ஓயாமல் அரித்துக்கொண்டே இருப்பதால், நிலக்கரிக் காலத்து அடுக்குகள் தொடர்ந்து வெளிப்படுகின்றன. முளைத்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றபடி கல்லாகிவிட்ட அடிமரங்கள் அந்தக் குன்றில் தெரியும். 1852இல் புவியியலாளர்களான சார்லஸ் லயலும், நோவா ஸ்கோஷியாவிலேயே பிறந்த ஜான் வில்லியம் டாசனும் அத்தகைய ஓர் அடிமரத்தின் உள்ளே எலும்புகளைக் கண்டார்கள். முதலில் அடையாளம் காணப்பட்டது டென்ட்ரெர்பெட்டான் என்ற நீர்நில வாழ்வி. தொடர்ந்து அதே குன்றில் மரப்பொந்துகளைப் பிளந்து ஆராய்ந்த டாசன் 1860இல் ஹைலோனோமஸ் லயெல்லிக்குப் பெயரிட்டார். பேரினப் பெயருக்குக் காட்டில் வாழ்வது என்று பொருள். சிற்றினப் பெயர் லயலின் நினைவாக வைக்கப்பட்டது.

வரைபவருக்கு இந்த வரலாற்றில் முக்கியமானது ஒன்று: எலும்புகள் பொந்துக்குள் கிடந்தன என்பதால், அவை பெரும்பாலும் மூட்டுகளிலிருந்து பிரிந்து, வேறு விலங்குகளின் எலும்புகளோடு கலந்து கிடைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் முழுதாகப் படுத்திருக்கும் ஓர் எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துவிடுவார். நாம் நூல்களில் காணும் முழு எலும்புக்கூட்டு வரைபடம், பல தனியுயிர்களின் பாகங்களை அளந்து, பொருத்தி, ஒரே உடலாகக் கட்டியெழுப்பிய ஒன்று. அந்தப் பணியை நவீன முறையில் செய்தவர் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கேரல். மிகப் பழைய ஊர்வன பற்றிய அவருடைய ஆய்வு 1964இல் வெளிவந்தது. உங்கள் முதல் ஆதாரம் அதுவாகவோ, அதை அடியொற்றிய பிற்கால வரைபடமாகவோ இருக்கட்டும். அசல் எலும்புகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும், மெக்கிலின் ரெட்பாத் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

19ஆம் நூற்றாண்டுப் படங்களை ரசியுங்கள். அவற்றிலிருந்து அளவு எடுக்காதீர்கள். டாசன் ஹைலோனோமஸ் என்ற பேரினத்தின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்களை வைத்திருந்தார். அவற்றில் பல பின்னர் மைக்ரோசார் (நிலக்கரிக் காலத்துச் சிறு நாற்காலிகள்) போன்ற வேறு குழுக்களுக்கு மாற்றப்பட்டு, இன்று லயெல்லி மட்டுமே நிற்கிறது. பழைய படத்தில் ஹைலோனோமஸ் என்று எழுதியிருப்பதனாலேயே அது நம் ஹைலோனோமஸ் ஆகிவிடாது.

ஜாகின்ஸுக்கே நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். அந்தக் குன்று 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக உள்ளது. நோவா ஸ்கோஷியாவின் சட்டப்படி அனுமதியில்லாமல் புதைபடிவங்களைச் சேகரிக்கக் கூடாது. அடிமரங்களின் ஒளிப்படமும், அளவுகோல் வைத்து எடுத்த பட்டைப் படமும் கிடைத்தாலே உங்கள் பின்னணிக் காட்சிக்குப் பெரும் உதவி. கடலேற்ற நேரத்தைப் பார்த்துவிட்டே கரையில் இறங்குங்கள். நீர் ஏறினால் குன்றின் அடிவரை வந்துவிடும்.

ஐந்து தாள்கள்

ஒளி ஊடுருவும் தாள் ஐந்தை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்தும்படி நான்கு மூலைகளிலும் அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். முதல் தாளில் ஹைலோனோமஸுக்கே உரியதாகக் கிடைத்த எலும்புகள் மட்டும் வரும். இரண்டாவதில், அதற்கு நெருங்கிய விலங்குகளிலிருந்து கடன் வாங்கி நிரப்பும் எலும்புகள். மூன்றாவது தசைக்கு, நான்காவது தோலுக்கு, ஐந்தாவது சூழலுக்கு. இப்படிப் பிரிப்பது வீண் வேலை என்று சிலருக்குத் தோன்றும்; எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் ஒரே தாளில் எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு, எந்தக் கோடு எலும்பிலிருந்து வந்தது, எந்தக் கோடு என் கை பழக்கத்தில் இழுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாமல் போன அனுபவத்துக்குப் பிறகு நான் இம்முறையை விட்டதில்லை.

இரண்டாம் தாளுக்குக் கடன் கொடுக்க மிகப் பொருத்தமானது பேலியோதைரிஸ் என்ற மற்றொரு தொடக்க கால ஊர்வன விலங்கு. அதுவும் நோவா ஸ்கோஷியாவில்தான், ஃபிளாரன்ஸ் என்ற இடத்தில், அதே போல அடிமரங்களுக்குள் கிடைத்தது. வயதில் ஹைலோனோமஸைவிடச் சற்று இளையது. கேரல் அதை 1969இல் விவரித்தார். கைகால் எலும்புகளின் வரிசை, விரல்களின் கணுக்கள் (சிறு எலும்புகள்) போன்றவற்றில் ஐயம் வரும்போது பேலியோதைரிஸைப் பாருங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் சற்றுத் தள்ளி, நிலக்கரிக் காலத்தை அடுத்து வந்த பெர்மியன் காலத்து ஊர்வனவாகிய காப்டோரைனஸைப் பாருங்கள். அரணைக்குத் தாவ வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, இயல்பளவைவிட இரண்டு மடங்கில் வரைவது வசதியானது. 20 செ.மீ. விலங்கு 40 செ.மீ. ஆகும்; விரல் எலும்புகள் கோடாகச் சுருங்கிவிடாமல் வடிவம் பெறும். எலும்புக்கூட்டு வரைபடத்தில் மண்டையோட்டின் நீளத்தைக் கவராயத்தால் எடுத்து, அதையே அளவுகோலாகக் கொண்டு கழுத்து, உடல், மேற்கை, முன்கை, தொடை, வால் ஒவ்வொன்றும் எத்தனை மண்டையோட்டு நீளம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் மதிப்பிட்டு வரைந்தால் தலை எப்போதும் பெரிதாகிவிடும், ஏனெனில் நம் கவனம் தலையிலேயே நிற்கிறது.

தலை

நேரத்தில் பாதியைத் தலைக்குச் செலவிடலாம். அரணைக்கும் ஹைலோனோமஸுக்கும் உள்ள வேறுபாடு வேறெங்கும் இத்தனை தெளிவாகத் தெரிவதில்லை.

முதலில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பகுதி. பல்லி, பாம்பு, முதலை ஆகியவற்றின் மூதாதையரின் மண்டையோட்டில் கண்குழிக்குப் பின்னே பக்கத்துக்கு இரண்டு திறப்புகள் இருந்தன; தாடையை மூடும் தசைகள் அவற்றின் ஓரங்களைப் பற்றிக்கொண்டும் அவற்றின் வழியே புடைத்துக்கொண்டும் இயங்கின. பெரிய பல்லி ஒன்று வாயை மூடும்போது கன்னத்துக்கு மேலே சதை திரண்டு எழுவதைக் கவனித்திருப்பீர்கள். ஹைலோனோமஸின் மண்டையோட்டில் அத்தகைய திறப்புகள் இல்லை என்றே விவரிக்கப்பட்டுள்ளது. கண்ணுக்குப் பின்னால் கன்னம் மூடிய எலும்புத் தகடாக இருந்தது, தசை முழுவதும் அந்தக் கூரைக்குக் கீழே அடங்கிக் கிடந்தது. ஆகவே நெற்றிப்பொட்டில் புடைப்பு வரையக் கூடாது. தோல் எலும்பை ஒட்டி இறுக்கமாகப் போர்த்தியிருப்பதாக, ஆமையின் தலையில் காண்பதைப் போல, கன்னத்தைத் தட்டையாகவும் உறுதியாகவும் வரையுங்கள்.

அடுத்தது காது. அரணையின் தலையில் வாய்க்கோணத்துக்குப் பின்னால் தெளிவான ஒரு காதுத் துளை தெரியும். நான் முதலில் வரைந்த ஹைலோனோமஸிலும் அது இருந்தது; வேறெதையும் அத்தனை அக்கறையோடு நிழலிட்டு வரைந்திருக்கவில்லை. பின்னர் அதை அழிக்க வேண்டியதாயிற்று. தொடக்க கால ஊர்வனவற்றில் காதெலும்பு தடித்து, மண்டையோட்டைத் தாங்கும் தூண் போல இருந்தது. காற்றில் வரும் மெல்லிய ஒலியை வாங்கி அதிரும் மெலிந்த குச்சியாக அது இன்னும் ஆகவில்லை. செவிப்பறையைப் பிடித்து நிறுத்தும் வளைந்த விளிம்பும் மண்டையோட்டின் பின்புறத்தில் இல்லை. செவிப்பறை மூலம் கேட்ட ஊர்வனவற்றுக்குத் தெளிவான பழைய சான்று, ரஷ்யாவின் மேசன் ஆற்றுப் பகுதியில் கிடைத்த, சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்குகளில்தான் வருகிறது. எனவே ஹைலோனோமஸின் தலையின் பக்கம் துளையில்லாமல் மூடியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, தலையின் உச்சி. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைபவர்கள் நடுக்கோட்டில், கண்களுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு புள்ளியை வைக்க வேண்டும். தொடக்க கால ஊர்வனவற்றின் உச்சி எலும்புகளுக்கு நடுவே ஒரு துளை உண்டு. ஒளியை உணரும் உச்சிக்கண்ணுக்கு உரிய இடம் அது. இன்றைய பல பல்லிகளிலும் அது வெளிறிய செதிலாகத் தெரிகிறது. இந்த ஒன்றில் மட்டும் பல்லியைப் பார்த்து வரையலாம்.

தலையின் குறுக்குவெட்டு வடிவத்தையும் யோசியுங்கள். அக்காலத்து நீர்நில வாழ்விகள் பலவற்றின் தலை அகன்று தட்டையாக இருந்தது. தொண்டையை உப்பிச் சுருக்கிக் காற்றை உள்ளே தள்ளுவதற்கு அந்த அகலம் பயன்பட்டது. ஊர்வனவோ விலா எலும்புகளை அசைத்து மூச்சு வாங்கக் கூடியவை. எனவே தலை ஒடுங்கி, உயரம் கூடியிருக்க இடமுண்டாயிற்று. முன்புறத்திலிருந்து பார்த்தால் தவளையின் தலையைப் போலத் தட்டையாக இல்லாமல், சற்றே உயர்ந்த வளைவாக வரும்படி வரைந்தால் விலங்கின் முகம் உடனே மாறிவிடுவதைக் காண்பீர்கள்.

பற்கள் சிறியவை, கூம்பு வடிவானவை, கூரானவை. மேல்தாடையின் முன்பகுதியில் சில, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியவை. வாய் மூடியிருக்கும்போது எதுவும் வெளியே தெரிய வேண்டியதில்லை. வாயைத் திறந்து வரைந்தால், மேலண்ணத்திலும் சிறு பற்கள் இருந்தன என்பதை மறக்க வேண்டாம். நாக்கை நீட்டி வரைய ஆசைப்படுகிறவர்கள் அதைப் பிளவுபட்டதாக வரையக் கூடாது. பிளந்த நாக்கு பல்லி, பாம்பு வழியில் பின்னாளில் வந்தது. என்னைக் கேட்டால் நாக்கை உள்ளேயே விட்டுவிடுவது நல்லது.

கழுத்து முதல் வால் வரை

தலைக்கும் தோளுக்கும் இடையே கழுத்து தெரிய வேண்டும். நீண்ட கழுத்து அல்ல. ஆனால் தலை தனியே திரும்பக் கூடியது என்பது பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். மீனில் தலையோடு ஒட்டியிருந்த தோள் வளையம் இங்கே பின்னே நகர்ந்திருக்கிறது. கீழே அகன்ற தட்டுகளாக விரிந்திருக்கும் அந்தத் தோள் வளையம், முன்கால்களுக்கு நடுவே மார்பை அகலமாகக் காட்டும்.

விலா எலும்புகள் வளைந்தவை. உடல் குறுக்குவெட்டில் ஏறத்தாழ வட்டம். பக்கவாட்டுப் படத்தில் முதுகுக்கோடு கிட்டத்தட்ட நேராகச் செல்லட்டும். வயிற்றுப்புறத்தில் மெல்லிய எலும்புக் கீற்றுகள் வரிசையாக அமைந்திருந்தன. தொடக்க கால ஊர்வனவற்றில் பரவலாகக் காணப்படும் இந்த வயிற்று விலாக்கள் வெளியே தெரியாவிட்டாலும், வயிறு தொங்காமல் இறுகியிருக்கக் காரணமாக நினைவில் இருக்க வேண்டும்.

கைகால்கள் மெலிந்தவை. மேற்கை எலும்பும் தொடை எலும்பும் உடலிலிருந்து பக்கவாட்டில் ஏறத்தாழக் கிடைமட்டமாக வெளியே வந்து, முழங்கையிலும் முழங்காலிலும் மடங்கிக் கீழே இறங்குகின்றன. முழங்கை உடலோடு ஒட்டிப் பின்னே பார்த்தால் அது நாயின் கால். அப்படி வரைந்துவிட்டால் நிழல் இட்டுச் சரிசெய்ய முடியாது, அழித்துவிட்டுத் திரும்ப வரையுங்கள். கைக்கும் காலுக்கும் ஐந்து விரல்கள். தொடக்க கால ஊர்வனவற்றின் பொது அமைப்பில், முன்காலில் முதல் விரலிலிருந்து கணுக்கள் 2, 3, 4, 5, 3 என்றும், பின்காலில் 2, 3, 4, 5, 4 என்றும் செல்லும். இந்த எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு விரல்களை வரையுங்கள்; நான்காவது விரலே மிக நீளமானது என்ற அந்தச் சாய்ந்த அமைப்பு தானாகவே வந்துவிடும். நுனிகளில் நகங்கள்.

வாலின் நீளத்தை முடிவு செய்வதில் கொஞ்சம் துணிவு வேண்டும். தலையும் உடலும் சேர்ந்த நீளத்துக்கு ஏறத்தாழ ஈடாக வைப்பது வழக்கம். இதை இரண்டாம் தாளில்தான் வரைய வேண்டும், முதல் தாளில் அல்ல. அடிவால் பருத்திருக்கட்டும், ஏனெனில் தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெரிய தசை வாலின் அடியிலிருந்து புறப்படுகிறது. இடுப்பைத் தாண்டியதும் வாலைச் சாட்டையாக ஒல்லியாக்கிவிட்டால் விலங்கு நடக்க முடியாததாகிவிடும். அறுந்து மீண்டும் வளர்ந்த வால் ஒன்றை வரைந்தால் அழகாக இருக்குமே என்று தோன்றலாம். காப்டோரைனஸின் வால் எலும்புகளில், உடைந்து பிரிவதற்கேற்ற பிளவுத் தளங்கள் இருந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அது ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விலங்கு. அந்தத் திறனை ஹைலோனோமஸுக்கு முன்கூட்டியே கொடுக்க எலும்பு எதுவும் அனுமதிக்கவில்லை.

மூன்றாம் தாளில் தசைகளை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. தாடை, தோள், தொடை, வாலடி ஆகிய நான்கு இடங்களில் பருமனைச் சரியாக வைத்தாலே தோல் எங்கே புடைக்கும், எங்கே ஒட்டும் என்பது தெரிந்துவிடும்.

தோல்

ஹைலோனோமஸின் தோல் எப்படியிருந்தது என்பதை அதன் எலும்பு சொல்லாது. சுற்றி வளைத்துத்தான் நெருங்க வேண்டும். இதற்குத் தொல்லுயிரியலாளர்கள் கையாளும் வழி எளிமையானது: ஆராயும் விலங்கு கிளைத்த இடத்துக்கு இரு புறமும் உள்ள, தோல் பற்றித் தெரிந்த விலங்குகளைப் பார்த்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவில் உள்ளதற்கும் உரியதாகக் கொள்வது. ஒரு புறம் பல்லி, ஆமை, முதலை, பறவை, மறுபுறம் பாலூட்டிகள். இரு தரப்பிலும் கெரட்டின் என்ற, நகத்திலும் முடியிலும் உள்ள புரதத்தால் ஆன, நீர் எளிதில் ஆவியாகாத மேல்தோல் இருக்கிறது. ஆகவே தவளையின் ஈரப் பளபளப்பை ஹைலோனோமஸுக்குத் தரக் கூடாது. உலர்ந்த தோலாக வரையலாம். செதில் என்பது பாலூட்டிகளின் பொதுக் குணம் அல்லவென்பதால், இந்த முறை மட்டும் செதிலைத் தந்துவிடாது.

அதற்கு இரண்டு நேர்ச் சான்றுகள் கைகொடுக்கின்றன. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கிடைத்து 2007இல் அறிவிக்கப்பட்ட, ஹைலோனோமஸின் காலத்தை ஒட்டிய காலடித் தடங்களில் ஐந்து ஒல்லியான விரல்களோடு செதில் பதிவுகளும் உள்ளன. இரண்டாவது, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ரிச்சர்ட்ஸ் ஸ்பர் என்ற சுண்ணாம்புக்கல் குகைத் தொகுதியில் கிடைத்து 2024இல் விவரிக்கப்பட்ட தோல் துண்டு, ஏறத்தாழ 28.9 கோடி ஆண்டு வயதுடையது, விரல் நகத்தைவிடச் சிறியது. எண்ணெய்க் கசிவும் நுண்ணிய களிமண்ணும் சேர்ந்து அதைக் காத்திருக்கின்றன. அதன் மேற்பரப்பு, முதலைத் தோலை நினைவூட்டும் சிறு கூழாங்கல் போன்ற மேடுகளும், அவற்றுக்கிடையே மடங்கக்கூடிய பள்ளங்களுமாக இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இது: ஒன்றன்மேல் ஒன்று வழவழப்பாகக் கவிந்த அரணைச் செதில்களை விட்டுவிட்டு, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் சிறு மேடுகளாக உடல் முழுவதையும் நிரப்புங்கள். மூட்டுகளில் மேடுகள் சிறுத்து, முதுகில் சற்றே பெருக்கட்டும். 20 செ.மீ. விலங்கில் அவை மிகச் சிறியவையாகவே இருந்திருக்கும் என்பதால், இரு மடங்குப் படத்திலும் ஒவ்வொன்றையும் வரைய வேண்டியதில்லை. ஒளி விழும் விளிம்பில் மட்டும் காட்டி, மற்ற இடத்தை நிழலுக்கு விடுவது போதும். முதுகில் முள்வரிசை, தொண்டையில் தாடி மடிப்பு, கொண்டை போன்றவை வேண்டவே வேண்டாம். அவை இருந்திருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை வைத்தவுடன் பார்ப்பவர் ஓணானைத்தான் பார்ப்பார்.

நிறத்துக்கு எந்தச் சான்றும் இல்லை. இருண்ட மட்கிய இலைத்தளத்தில் ஊர்ந்து பெரிய விலங்குகளுக்கு இரையாகும் அபாயத்தில் இருந்த சிறு உயிர் என்ற அளவில், பழுப்பும் சாம்பலும் கலந்த ஒழுங்கற்ற திட்டுகள் பொருத்தமானவை. வேறு நிறம் தீட்டினாலும் தவறென்று யாரும் நிறுவ முடியாது. நான்காம் தாளின் மூலையில் நிறம் ஊகம் என்று எழுதிவிட்டு உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்.

நிற்கும் நிலை

பக்கவாட்டில் விரிந்த கால்களோடு நடக்கும் விலங்கின் உடல் நேராக இருப்பதில்லை; இட வலமாக வளைந்து கொடுக்கிறது. மேலிருந்து பார்க்கும் படத்தில் இதைச் சரியாக அமைக்க ஓர் எளிய வழி உண்டு. எந்தப் பக்கத்தில் முன்கால் பின்னுக்கும் பின்கால் முன்னுக்கும் வந்து இரண்டும் நெருங்கியிருக்கின்றனவோ, அந்தப் பக்கம் உடல் உட்குழிந்து வளைய வேண்டும்; எதிர்ப்பக்கத்தில் கால்கள் விலகியிருக்க, உடல் வெளியே வளையும். வால் அந்த அலையைத் தொடர்ந்து எதிர்த்திசையில் திரும்பும். இது தலைகீழானால் படம் ஏன் சங்கடமாக இருக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் சங்கடமாக இருக்கும். வயிறு தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்கட்டும்.

சூழல்

ஜாகின்ஸ் அடுக்குகள் உருவானபோது அந்த நிலம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தது. ஐந்தாம் தாளில் முதலில் வரவேண்டியது சிஜில்லேரியா மரம். அதிகம் கிளைக்காத நெடிய தண்டு, அதன்மேல் செங்குத்தான முகடுகள், முகடுகளில் உதிர்ந்த இலைகளின் தழும்புகள் வரிசையாக, உச்சியில் புல் போன்ற நீண்ட இலைக்கொத்து. அதன் பட்டை உறுதியானது, உள்ளீடு மென்மையானது. மரம் செத்ததும் உள்ளே அழுகி வெளியே பட்டை நிற்க, பொந்து உண்டாயிற்று. அருகில் லெபிடோடெண்ட்ரான் என்ற மற்றொரு நெடுமரம், குதிரைவால் செடியின் (ஈக்விசீட்டம்) பேருருவமான கேலமைட்டீஸ், கூம்புமரங்களின் உறவான கார்டெய்ட்டீஸ், பெரணிகள். பூ, புல், பறவை, எறும்பு எதுவும் இன்னும் தோன்றவில்லை. தரையை நிரப்ப ஒரு புல்லைக் கீறிவிடுவது கைப்பழக்கம் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். தரையைப் பெரணியாலும் உதிர்ந்த பட்டையாலும் மட்கிய இலையாலும் நிரப்புங்கள்.

விலங்கைப் பொந்துக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்பதில் நீங்கள் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும். மண் படிந்து பொந்தின் வாய் தரைமட்டத்துக்கு வந்துவிட, அது குழியாகி, நடந்து வந்த விலங்குகள் தவறி விழுந்து வெளியேற முடியாமல் மாண்டன என்பது டாசன் காலத்திலிருந்து வரும் விளக்கம். சில அடிமரங்களுக்குள் கரி கிடைத்திருப்பதை வைத்து, காட்டுத்தீ அடிப்பகுதியில் உண்டாக்கிய திறப்பின் வழியே விலங்குகள் தாமாகவே உள்ளே போய்த் தங்கின என்பது பின்னர் வந்த விளக்கம். முதலாவதை ஏற்றால் விலங்கு பொந்தின் விளிம்பில் நிற்கும், அல்லது அடியில் சுவரைக் கீறிக்கொண்டிருக்கும். இரண்டாவதை ஏற்றால் கருகிய அடிமரத்தின் கீழ்த் திறப்பிலிருந்து தலையை நீட்டும். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது, அது ஓவியத்துக்கு நல்ல இருட்டைத் தருகிறது என்பதும் ஒரு காரணம். ஆனால் இரண்டுமே வெவ்வேறு மரங்களில் நடந்திருக்கலாம்.

துணைக்கு வரும் உயிர்களைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கண்டிப்பு தேவை. அதே குன்றில் கிடைத்தவற்றை மட்டும் வையுங்கள்: டென்ட்ரெர்பெட்டான், டென்ட்ரோபூபா என்ற மிகச் சிறிய நிலநத்தை, சிறு மரவட்டைகள். ஆர்த்ரோபிளூரா என்ற ராட்சத மரவட்டை நடந்த தடங்கள் ஜாகின்ஸில் உள்ளன. வேறிடங்களில் கிடைத்த அதன் உடல்களில் மிகப் பெரியவை 2 மீட்டருக்கும் கூடுதலான நீளமுடையவை என்று மதிப்பிடப்படுவதால், ஹைலோனோமஸ் எத்தனை சிறியது என்று காட்ட அது மிகப் பொருத்தம். ராட்சதத் தட்டானாகிய மெகாநியூரா மட்டும் வேண்டாம். நிலக்கரிக் காலக் காட்சி என்றாலே அதைப் பறக்கவிடும் வழக்கம் இருக்கிறது, ஆனால் அது பிரான்ஸின் கொமான்ட்ரியில், சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, அதாவது ஹைலோனோமஸுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகள் பிந்தைய அடுக்கில் கிடைத்தது. முதுகில் பாய் போன்ற விரிப்புக் கொண்ட டைமெட்ரோடான் அதைவிடவும் பிந்தையது.

இரையைப் பிடிக்கும் காட்சி வரைய விரும்பினால் சிறு மரவட்டையோ பூச்சியோ போதும். பற்களின் வடிவம் ஓடு துளைக்க ஏற்றது என்பதே நம் ஆதாரம். முட்டைகளை வரைய விரும்புகிறவர்களும் உண்டு. ஹைலோனோமஸின் முட்டை கிடைத்ததில்லை. நிலத்தில் இடப்படும், கருவைச் சவ்வுகள் சூழ்ந்த முட்டையை அதன் வகைப்பாட்டிலிருந்துதான் ஊகிக்கிறோம். வரைந்தே தீர வேண்டுமென்றால் கோழிமுட்டை போன்ற வெள்ளை ஓட்டைத் தவிர்த்து, மென்தோல் முட்டையாக, பாதி மண்ணில் புதைத்து வையுங்கள்.

படத்தின் கீழே எழுத வேண்டியது

உலகின் முதல் ஊர்வன என்று எழுதிவிடாதீர்கள். ஊர்வன என்று பரவலாக ஏற்கப்பட்டவற்றில், உடல் எலும்புகள் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று என்று எழுதலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த, சுமார் 35.5 கோடி ஆண்டு வயதுடைய, நகக் கீறல்களோடு கூடிய காலடித் தடங்களை 2025இல் ஆய்வாளர்கள் விவரித்து, அவை ஊர்வன வழியைச் சேர்ந்த விலங்கினுடையவை என்று முன்வைத்தார்கள். அந்தத் தடங்களைப் பதித்த விலங்கின் எலும்பு கிடைக்கவில்லை. ஆனால் முதல் என்ற சொல் இனி ஹைலோனோமஸின் பெயரோடு நிம்மதியாக உட்கார முடியாது.

பெயர், வயது, இடம், படத்தின் பெருக்கம் ஆகியவற்றோடு 5 செ.மீ. அளவுக்கோடு ஒன்றையும் வைத்துவிடுங்கள். படம் நகலெடுக்கப்பட்டுப் பெரிதாகும்போதும் சிறிதாகும்போதும் அந்தக் கோடு மட்டுமே உண்மை சொல்லும். ஐந்து தாள்களையும் எறியாமல், தேதியிட்டு, முடிந்த படத்தோடு ஒரே உறைக்குள் வையுங்கள். புதிய எலும்பு ஒன்று வெளிவரும் நாளில் இரண்டாம் தாளிலிருந்து சில கோடுகள் முதல் தாளுக்கு இடம் மாறும், அல்லது அழிக்கப்படும். எவை என்று அப்போது தேட வேண்டியிருக்காது.